திருமேனியின் இழையும் கணினியின் கண்ணும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுகளாக இந்த வரதராஜன்பேட்டையில், முந்திரித் தோப்புகள் சூழ்ந்த இந்தச் சிற்றூரில், தமிழ் பேசுவதற்கென்றே கூடிவரும் அவை இது. இங்குச் சங்க இலக்கியம் பேசியிருக்கிறோம். புதுக்கவிதை பற்றி வாதிட்டிருக்கிறோம். இன்று எனக்குத் தரப்பட்ட நேரத்தில் நான் எடுத்துக்கொண்ட பொருள் சிலர்க்கு வியப்பளிக்கலாம். படங்களின் பெருந்தொகுப்பு ஒன்றினுள், புறப்பரப்பின் இழையமைப்பைக் கொண்டு, வேண்டிய படத்தைக் கணினி எவ்வாறு தேடிக் கண்டுபிடிக்கிறது என்பதே அப்பொருள். ‘தமிழாசிரியைக்கு இதில் என்ன வேலை?’ என்று கேட்பீர்கள். அதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாய்வழி ஊரில், சிறிய கோயில் ஒன்றிலிருந்த அம்மன் செப்புத் திருமேனி காணாமற் போயிற்று. முழங்கை உயரமும் இராது. ஊர்ப் பெரியவர்கள் முறையீடு எழுதித் தருமாறு என்னிடம் வந்தனர். முனைவர் பட்டம் பெற்றவள் அல்லவா? அழகாகவே எழுதினேன். அருள் பொழியும் விழி, முறுவல் அரும்பும் இதழ், துவளும் இடை, மலர் ஏந்திய கை என்று ஒரு பக்கம் நிறைந்தது. அதைப் படித்துப் பார்த்த அலுவலர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, மிகுந்த மரியாதையோடுதான் சொன்னார்: “அம்மா, நீங்கள் எழுதியிருப்பது எல்லா அம்மனுக்கும் பொருந்துமே! உங்கள் ஊர் அம்மனை மட்டும் எப்படி அடையாளம் காண்பது? நிழற்படம் ஏதும் உண்டா?”

நிழற்படம் இல்லை. திருவிழாவில் எடுத்த படங்கள் இருந்தன. அவற்றில் மாலையும் பட்டும் தெரிந்தன, திருமேனி தெரியவில்லை. அம்மன் இன்றுவரை திரும்பவில்லை. என் தமிழ் ஓர் இனத்தை வருணித்ததே ஒழிய, ஒன்றை அடையாளம் காட்டவில்லை. அந்தத் தலைகுனிவுதான் என்னை இந்தத் துறையின் பக்கம் திருப்பியது.

நம் மாவட்டத்து நடராசர்

இதற்கு நேர்மாறான ஒரு வரலாறும் நம் மாவட்டத்திலேயே உண்டு. ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயிலை நீங்கள் அறிவீர்கள். வழிபாடு அருகி, பெரும்பாலும் பூட்டியே கிடந்த சோழர் காலக் கோயில். அங்கிருந்த நடராசர் முதலிய செப்புத் திருமேனிகள் 2006-ஆம் ஆண்டளவில் களவாடப்பட்டன. அப்போது அவ்வூர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. அரியலூர் மாவட்டம் மீண்டும் தனியே உருவானது 2007 நவம்பரில்தான். களவு நடந்ததே ஊருக்குத் தெரியாது. 2008-இல், எஞ்சிய திருமேனிகளைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்ற அலுவலர்கள் வந்து கதவைத் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்பது வெளிப்பட்டது. அதே ஆண்டு சுத்தமல்லி வரதராசப் பெருமாள் கோயிலும் சூறையாடப்பட்டது.

ஸ்ரீபுரந்தான் நடராசர் எங்கே சென்றார்? நியூயார்க்கில் கலைப்பொருள் கடை வைத்திருந்த சுபாஷ் கபூர் வழியாக, 2008-இல், ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர் விலைக்கு, ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலுள்ள தேசியக் கலைக்கூடத்தைச் சென்றடைந்தார். அதே கோயிலின் உமாபரமேசுவரி சிங்கப்பூர் அருங்காட்சியகம் ஒன்றில் நின்றார். வாங்கியவர்களிடம் காட்டப்பட்ட தாள்கள், அவை பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியேறியவை என்று கூறின.

அந்தத் தாள்களைப் பொய்யாக்கியது ஒரு நிழற்படம். 1955-இல் தொடங்கப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தென்னாட்டுக் கோயில்களை ஊர் ஊராகச் சென்று படமெடுத்து ஒரு தொகுப்பை உருவாக்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அதில் உள்ளன. 1994-இல் அந்நிறுவனத்தார் ஸ்ரீபுரந்தானுக்கும் வந்து படமெடுத்திருந்தனர். அந்தப் படத்தையும் கான்பெராவின் காட்சிப் பட்டியலில் இருந்த படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது இரண்டும் ஒருவரே என்பது புலனாயிற்று. 1994-இல் இவ்வூரில் இருந்தவர் அதற்கு முன்பே வெளிநாடு போயிருக்க முடியாதல்லவா? சிலைக் களவைத் தொடர்ந்து ஆராய்ந்துவந்த விஜயகுமார் போன்ற ஆர்வலர்கள் இந்த ஒப்பீட்டை 2013 அளவில் உலகறியச் செய்தனர். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியத் தலைமை அமைச்சர் டோனி அபாட் புதுதில்லிக்கு வந்து நடராசரை ஒப்படைத்தார். அவரோடு, பக்கத்து விருத்தாசலத்துக் கோயிலின் அர்த்தநாரீசுவரரும் திரும்பினார். 2015-இல் உமாபரமேசுவரி திரும்பினார். 2011-இல் ஜெர்மனியில் கைதாகி 2012-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட கபூருக்கு, நம் மாவட்டத்துக் கோயில் திருமேனிகள் தொடர்பான வழக்கில், கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இந்த ஒப்பீட்டைச் செய்தது கணினி அன்று; பயின்ற மனிதக் கண். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆனால் ஓர் ஐயம் எழுகிறது. உலகின் அருங்காட்சியகங்களிலும் ஏலக் கடைகளிலும் உள்ள படங்கள் எத்தனை! இங்குள்ள தொகுப்பில் லட்சத்துக்கும் மேல்! ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடும் வைத்துப் பார்க்க எத்தனை கண்கள் வேண்டும்? அங்கேதான் கணினியின் துணை தேவைப்படுகிறது.

சொல்லால் தேடலும் இயல்பால் தேடலும்

ஒரு தொகுப்பில் தேடுவதற்கு இரு வழிகள் உண்டு. படத்தின் கீழ் ‘நடராசர், செம்பு, சோழர் காலம்’ என்று எழுதிவைத்து, அந்தச் சொற்களைத் தேடுவது ஒரு வழி. படத்தையே காட்டி, ‘இதைப்போன்ற தோற்றமுடையவற்றைக் கொண்டுவா’ என்பது மற்றொரு வழி. முன்னது சொல்லால் தேடல். பின்னது இயல்பால் தேடல்.

இந்த வேறுபாடு தமிழர்க்குப் புதிதன்று. நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து தமிழ்ப்பணி ஆற்றிய வீரமாமுனிவர், 1732-இல் சதுரகராதியைத் தொகுத்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகள். முதல் மூன்றும் சொல்லையும் அதன் பொருளையும் பற்றியவை. நான்காவதாகிய தொடையகராதியோ ஓசை ஒப்புமை பற்றியது. பாப் புனைவோன் ஒரு சொல்லுக்கு எதுகையாக இன்னொரு சொல்லை வேண்டும்போது, பொருளைப் பற்றிக் கவலையின்றி, ஓசை ஒன்றையே கைப்பற்றித் தேட உதவுவது அது. ‘இதைப்போல் ஒலிப்பவற்றைக் கொண்டுவா’ என்பதே அதன் முறை. இன்றைய படத்தேடலும் இதையே செய்கிறது. அங்கே எதுகை, இங்கே இழையமைப்பு.

1990-களில் ஐபிஎம் நிறுவனத்தார் நிறம், வடிவம், இழையமைப்பு ஆகிய மூன்றையும் கொண்டு படங்களைத் தேடும் ஒரு முறையை உருவாக்கினர். உருசியாவின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகம் தன் ஓவியங்களைத் தேடுவதற்கு அதைப் பயன்படுத்தியது. நிறமும் வடிவமும் நமக்கு விளங்கும். உவமை பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் வகுத்த வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் மெய் வடிவத்தையும் உரு நிறத்தையும் குறிப்பதாக உரைகாரர் கொள்வர். இழையமைப்பு என்பதுதான் சற்று விளக்க வேண்டியது.

கண்ணால் தொடுதல்

ஐம்புல நுகர்ச்சிகளுள் தொடுவுணர்வுக்கு ‘ஊறு’ என்பது நம் பழஞ்சொல். முந்திரி மரத்தின் பட்டை சொரசொரப்பானது என்று அறிய அதைத் தொட வேண்டுவதில்லை, பார்த்தாலே போதும். பட்டும் பருத்தியும் ஒரே நிறத்தில் இருந்தாலும் கடை வாயிலில் நின்றே பிரித்தறிகிறோம். கை அறிய வேண்டியதைக் கண் முந்திக்கொண்டு அறிகிறது. இதனைக் கண்ணால் தொடும் ஊறு எனலாம். ஆங்கிலத்தில் டெக்ஸ்சர் என்று வழங்கும் சொல்லும் நெசவு என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்ததே. நாமும் நூலின் பின்னலைக் கருதி ‘இழையமைப்பு’ என்கிறோம்.

கணினிக்குக் கையும் இல்லை, கண்ணும் இல்லை. எண்கள் மட்டுமே உண்டு. அதற்கு ஒரு படம் என்பது சிறு புள்ளிகளின் கட்டம். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் ஒளி அளவு. முழு இருள் 0, முழு ஒளி 255. இந்த எண்களுக்குள் சொரசொரப்பு எங்கே இருக்கிறது? தனித்தனிப் புள்ளிகளில் அது இல்லை. ஒரு புள்ளிக்கும் அதன் அண்டைப் புள்ளிக்கும் உள்ள உறவில் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு யாப்பு நினைவுக்கு வந்தது. வெண்பாவை வெண்பாவாக்குவது எது? தனித்த சீர் அன்று. நின்ற சீரின் ஈற்றசையும் வரும் சீரின் முதலசையும் கூடும் கூட்டம், அதாவது தளை. மாமுன் நிரையும் விளமுன் நேரும் காய்முன் நேரும் வந்தால் வெண்டளை. ஒரு பாவின் பொருளே தெரியாத ஒருவர், எந்த அசையை அடுத்து எந்த அசை எத்தனை முறை வருகிறது என்று மட்டும் எண்ணி, அது வெண்பாவா அகவலா என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

1973-இல் ஹாராலிக், சண்முகம், டின்ஸ்டைன் என்னும் மூவர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை செய்தது இதையே. அறிவியல் உலகம் இன்றும் எடுத்தாளும் அக்கட்டுரையில் சண்முகம் என்ற பெயரைக் கண்டு நான் மகிழ்ந்ததை மறைப்பானேன்? அவர்கள் ஓர் அட்டவணை வகுத்தனர். இருளை அடுத்து இருள் எத்தனை முறை, இருளை அடுத்து ஒளி எத்தனை முறை, இடைநிறத்தை அடுத்து ஒளி எத்தனை முறை என்று எண்ணி அதில் இட்டனர். வழவழப்பான பரப்பில் ஒத்த அளவுகளே அடுத்தடுத்து வருதலின், எண்ணிக்கை அட்டவணையின் மூலைவிட்டத்தில் குவியும். சொரசொரப்பான பரப்பில் மாறுபட்ட அளவுகள் அடுத்தடுத்து வருதலின், அது விலகிச் சிதறும். அந்த அட்டவணையிலிருந்து 14 பண்புகளைக் கணக்கிட்டனர். ஐவகை மணற்கற்களின் நுண்ணோக்கிப் படங்களைக் கொடுத்துச் சோதித்தபோது, நூற்றுக்கு 89 சரியாகப் பிரிந்தன. கல்லின் பெயரறியாத பொறி, அண்டை அயலை எண்ணியே கல்லை இனங்கண்டது.

எந்தத் திசையில் அண்டையைப் பார்க்கிறோம் என்பதும் முதன்மையானது. நம் பகுதி நெசவாளரிடம் கேட்டால் இதை நொடியில் விளக்கிவிடுவார். கோடு போட்ட துணியில் பாவு ஓடும் திசையில் பார்த்தால் ஒரே நிறம் தொடரும். ஊடை ஓடும் திசையில் பார்த்தால் நிறம் மாறி மாறி வரும். ஆகவே கணினி நெடுக்கும் குறுக்கும் மூலைவாட்டும் எனப் பல திசைகளில் எண்ணுகிறது.

சல்லடைகள் இருபத்து நான்கு

மற்றொரு முறை சல்லடை போன்றது. களத்தில் தானியம் சலிப்பவர், பெருங்கண் சல்லடையும் சிறுகண் சல்லடையும் வைத்திருப்பர். அதுபோல, பருத்த கோடுகளை மட்டும் பிடிக்கும் வடிப்பான், நுண்ணிய கோடுகளை மட்டும் பிடிக்கும் வடிப்பான் எனப் பல உண்டு. முழுப்படவியலைக் கண்டறிந்து 1971-இல் நோபல் பரிசு பெற்ற டென்னிஸ் கேபர், 1946-இல் வகுத்த கணித அடிப்படை கொண்டவை இவை. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்து மஞ்சுநாத்தும் அவருடன் ஆய்ந்த மா என்பவரும் 1996-இல் இதைப் படத்தேடலுக்கு வகுத்தளித்தனர். நான்கு பருமன், ஒவ்வொன்றுக்கும் ஆறு திசை. ஆக 24 சல்லடைகள். ஒவ்வொரு சல்லடையிலும் சராசரியாக எவ்வளவு தங்கிற்று, அது எவ்வளவு ஏறியிறங்கிற்று என இரண்டிரண்டு எண்கள். ஆக 48 எண்கள். ஒரு பரப்பின் முகவரி இந்த 48 எண்களே. இரு முகவரிகளுக்கிடையே உள்ள தொலைவு குறைந்தால் பரப்புகள் ஒத்தவை, கூடினால் வேறானவை. தொகுப்பிலுள்ள எல்லாப் படங்களுக்கும் முன்கூட்டியே முகவரி கணித்து வைத்துவிட்டால், புதிய படம் ஒன்று வந்தவுடன் அதற்கு அருகிலுள்ளவற்றை வரிசைப்படுத்தித் தந்துவிடலாம்.

இம்முறைகளைச் சோதிக்க ஆய்வாளர் பல்லாண்டுகள் பயன்படுத்திய படத்தொகுதி எது தெரியுமா? பிரோடாட்ஸ் என்பவர் 1966-இல் வெளியிட்ட 112 நிழற்படங்களின் தொகுப்பு. மரப்பட்டை, மணல், துணி, செங்கல், வைக்கோல் முதலியவற்றை ஓவியர்க்கும் வடிவமைப்பாளர்க்கும் பயன்படட்டும் என்று அவர் எடுத்தார். கலைக்கென எடுத்தவை கணிதத்தின் உரைகல்லாயின.

இதெல்லாம் எங்கோ நடப்பது என்று எண்ணிவிட வேண்டா. இந்த அவையில் ஆதார் எண் உடையோர் அனைவரும் இத்தகைய தேடலுக்கு உள்ளானவர்களே. உங்கள் பத்து விரல் ரேகைகளும் இரு கருவிழிப் படலங்களும் பதிவாயின அல்லவா? கருவிழிப் படலத்தின் நுண்ணிழைகளைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் முறையை 1990-களில் வகுத்த டாக்மன் கையாண்டதும் கேபரின் அதே சல்லடைகளே. நமக்கு வாய்த்த இந்த அடையாளக் காப்பு, நம் ஊர்த் திருமேனிகள் பலவற்றுக்கு வாய்க்கவில்லை என்பதே என் வருத்தம்.

வண்ணம் இருபதும் பண்பு ஆறும்

கவிஞர்களுக்கு உவப்பான ஒரு செய்தி. 1978-இல் தமுரா, மோரி, யமவாகி என்னும் சப்பானிய ஆய்வாளர் மூவர், எண்ணிலிருந்து தொடங்காமல் மனித உணர்விலிருந்து தொடங்கினர். மக்களிடம் படங்களைக் காட்டி எது பருமையானது, எது நுண்ணியது என்று வரிசைப்படுத்தச் செய்து, அந்த உணர்வுக்கு ஒத்த கணக்குகளைத் தேடினர். பருமை, முரண், திசைமை, கோட்டியல்பு, ஒழுங்கு, சொரசொரப்பு என ஆறு பண்புகள் அவர்கள் வகுத்தவை. முதல் மூன்றும் மனித உணர்வோடு நன்கு பொருந்தின.

நம் தொல்காப்பியரும் செய்யுளியலில் இத்தகைய ஒரு பகுப்பைச் செய்திருக்கிறார். வல்லிசை, மெல்லிசை, நெடுஞ்சீர், குறுஞ்சீர், ஒழுகு, தூங்கல், உருட்டு, முடுகு என வரும் வண்ணம் இருபது. செய்யுளின் பொருளைப் பற்றியவை அல்ல இவை. செவியில் படும் ஊற்றைப் பற்றியவை. வல்லெழுத்து மிகுந்தால் ஒரு வண்ணம். நெட்டெழுத்து மிகுந்தால் வேறொன்று. உணர்வில் தோன்றும் வேற்றுமையை எழுத்தின் வருகையால் அளந்து பெயரிட்டார் அவர். தமுரா ஒளியால் அளந்தார். காலம் வேறு, கருவி வேறு, நெறி ஒன்று. எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது என்று பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. நம் இலக்கணம் பயின்றவர்க்கு இந்த அறிவியல் அந்நியமானதன்று. அஞ்ச வேண்டியதும் அன்று என்பதற்காகச் சொல்கிறேன்.

பூனையின் வடிவும் யானையின் தோலும்

இன்று நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. எந்தப் பண்பை அளப்பது என்று மனிதர் சொல்லிக் கொடுப்பதில்லை. லட்சக்கணக்கான படங்களைக் கொடுத்துவிட்டால், செயற்கை நரம்பு வலையமைப்பு தானே பண்புகளைக் கண்டுகொள்கிறது. அது எதைக் கண்டுகொள்கிறது? ஜெர்மனியின் டியூபிங்கன் ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. பூனையின் வடிவம், அதன்மேல் யானைத் தோலின் இழையமைப்பு என்று ஒரு படத்தை உருவாக்கினர். மனிதர்கள் ‘பூனை’ என்றனர். பொறியோ ‘யானை’ என்றது. மனிதர் மெய்யைப் பார்த்தனர். பொறி தோலைப் பார்த்தது.

இதைக் கேட்டுச் சிரிக்கலாம். நான் முதலில் சிரித்தேன். பிறகு என் முறையீட்டுத் தாள் நினைவுக்கு வந்தது. அதில் நான் எழுதியவை அனைத்தும் வடிவம். விழி, இதழ், இடை, கை எல்லாம் சிற்பநூல் வகுத்த இலக்கணம். எல்லா நடராசருக்கும் தூக்கிய திருவடி உண்டு. எல்லாருக்கும் உடுக்கையும் தீயும் உண்டு. வடிவம் ‘இவர் நடராசர்’ என்று மட்டும் சொல்லும். ‘இவர் ஸ்ரீபுரந்தான் நடராசர்’ என்று சொல்ல வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று செய்முறையிலேயே இருக்கிறது. நம் செப்புத் திருமேனிகள் மெழுகு வார்ப்பில் உருவானவை. மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். பிறகு மண் கருவை உடைத்துத்தான் திருமேனியை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கருவுக்கு ஒரே பிறப்பு. ஆகவே ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. அதன்மேல் உளியின் தடம், வார்ப்பில் விழுந்த சிறு குழி, பலநூறு ஆண்டுத் திருமுழுக்கில் தேய்ந்த மூக்கும் மார்பணியும், மண்ணில் புதைந்திருந்தால் ஏறிய களிம்பு ஆகிய இவையெல்லாம் சேர்கின்றன. பத்தூர் நடராசர் வழக்கு இலண்டன் நீதிமன்றத்தில் நடந்தபோது, திருமேனியில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடமும்கூட ஆராயப்பட்டன. 1991-இல் அவரும் ஊர் திரும்பினார். இலக்கணம் தெய்வத்தின் பெயரைச் சொல்கிறது. தழும்பு அதன் ஊரைச் சொல்கிறது.

கவிஞர்களே, இது நமக்கும் ஒரு பாடம் அன்றோ? ‘மலர் விழி’ என்று எழுதும்போது நாம் இனத்தைத்தான் எழுதுகிறோம். நம் ஊர்ப் பாட்டியின் கையை எழுதுவோர், முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து அதன் பால் பட்டுக் கறுத்த விரல்நுனியை எழுதினால், அந்தக் கை வேறெந்த ஊரிலும் காணாமற் போகாது.

கணினியால் ஆகாதவை

இம்முறையின் குறைகளையும் கூற வேண்டும். செம்பு ஒளியை எதிரொளிக்கும் பொருள். விளக்கு ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் மாறினால், அதே பரப்பு வேறு பரப்பாகக் கணினிக்குத் தோன்றும். பழைய படம் கறுப்பு வெள்ளை. புதிய படம் வண்ணம். விற்பவன் துலக்கி மெருகேற்றியிருந்தால் களிம்பின் சான்று அழிந்துவிடும். நூறாயிரம் படங்களை நூறாகக் குறைத்துத் தருவது பொறியின் வேலை. அந்த நூற்றில் இது நம்முடையது என்று துணிவது பயின்ற கண்ணின் வேலை. அந்தத் துணிபையும் நீதிமன்றம் ஏற்கச் செய்ய, எடுத்த நாளும் இடமும் குறித்த பதிவு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான குறை ஒன்று உண்டு. எத்தனை நுட்பமான தேடலும் தொகுப்பில் இல்லாத படத்தைத் தேடித் தராது. ஸ்ரீபுரந்தான் நடராசர் திரும்பியது கணினியின் திறத்தாலன்று. 1994-இல் ஒருவர் வெயிலில் பயணம் செய்து வந்து, பூட்டைத் திறக்கச் சொல்லி, படமெடுத்துச் சென்றதால். என் ஊர் அம்மனுக்கு அப்படி ஒருவர் வரவில்லை. உள்ளூரிலேயே இருந்த நானும் எடுக்கவில்லை. பதிப்பாசிரியர் ஏட்டுச்சுவடி தேடி அலைந்த கதையை வகுப்பில் உருக்கமாகச் சொல்லிக் கொடுத்தவள் நான். என் ஊர்க் கருவறையில் இருந்த சுவடியைப் படியெடுக்கத் தவறினேன்.

ஒரு வேண்டுகோள்

ஆகவே நம் வட்டத்தின் பதினோராம் ஆண்டுப் பணியாக ஒன்றை முன்மொழிகிறேன். நம் சுற்றுவட்டாரச் சிற்றூர்க் கோயில்களிலும், நம் ஊர் ஆலயத்திலும், பழந்திருவுருவம் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம், உரியவர்களின் இசைவு பெற்றுப் படப்பதிவு செய்வோம். மாலையும் பட்டும் களைந்த நிலையில், திருமுழுக்குக்கு முன்னரோ பின்னரோ, முன்புறம், பின்புறம், இரு பக்கம், பீடம் என எல்லாப் பக்கமும் எடுப்போம். பளீரென்ற மின்னொளி வேண்டா. பக்கவாட்டிலிருந்து சாய்ந்து விழும் ஒளியில்தான் உளித்தடமும் தேய்மானமும் தெரியும். அருகில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். தழும்பு, குழி, ஒட்டு, உடைவு எதுவாயினும் நெருங்கி ஒரு படம் எடுப்போம். நாளும் இடமும் எழுதி, படிகளைத் தனித்தனி இடங்களில் காப்போம். துலக்குகிறேன் என்று எவரும் புளியும் சாம்பலும் கொண்டு தேய்க்காமலிருக்க வேண்டும்.

இதில் ஓர் இடர் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. படத்தை எல்லாரும் காணுமாறு வெளியிட்டால், எங்கே என்ன இருக்கிறது என்று கள்வனுக்கு நாமே பட்டியல் தந்ததாகிவிடும். வெளியிடாமல் பூட்டிவைத்தால் காணாமற் போனபோது யாருக்கும் உதவாது. என் கருத்து இது: படம் முறையாகப் பதிவாக வேண்டும், காப்பாளரிடம் இருக்க வேண்டும், விழாமலரில் அச்சிட வேண்டுவதில்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும், நூறாண்டு கடந்த இத்தகைய பொருள்களைப் படத்தோடு பதிவு செய்யும் முறையை வகுத்துள்ளது. அதற்கு நம் பதிவு துணையாகட்டும். மாற்றுக் கருத்துடையோர் இந்த அவையில் இருப்பின், அடுத்த கூட்டத்தில் விரிவாகப் பேசுவோம்.

படங்களோடு சொல்லும் வேண்டும். ஒவ்வொரு திருமேனிக்கும் நம் கவிஞர் ஒருவர் நேரில் நின்று ஒரு பக்கம் எழுதட்டும். இலக்கணத்திலிருந்து எழுத வேண்டா; கண்ணால் தொட்டு எழுதட்டும். இடது கன்னத்தில் உள்ள சிறு குழியை, வலது காதோரம் மழுங்கிய குழையை, முதியவர் ஒருவர் அதைப் பற்றிச் சொல்லும் பழங்கதையை எழுதட்டும். அந்தப் பக்கத்தைப் படிக்கும் அலுவலர் எவரும், ‘இது எல்லா அம்மனுக்கும் பொருந்துமே’ என்று சொல்ல முடியாதபடி எழுதட்டும்.

நான் எழுதத் தவறிய பக்கம் அது.